நேட்டாலுக்குப் போன கூலிகள் எப்படி ஓர் ‘இனம்’ ஆனார்கள்?

1860 நவம்பர் 16ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு ‘ட்ரூரோ’ என்ற கப்பல் வந்து சேர்ந்தது. மதராஸிலிருந்து புறப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்த அந்தக் கப்பலில் 342 பேர் இருந்தார்கள். பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து இன்னொரு கப்பல் வந்தது. அதற்குப் பிறகு 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கினார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸில் கப்பல் ஏறியவர்கள். பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

இறங்கிய ஒவ்வொருவரைப் பற்றியும் எழுத்தர்கள் பதிந்துவைத்த பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம். ஓரத்தில் ஓர் எண். அந்த எண் சாகும்வரை கூடவே வரும். சம்பளக் கணக்கிலும், அனுமதிச் சீட்டிலும், கல்யாணப் பதிவிலும், புகார் மனுவிலும் ஆளை அடையாளம் காட்டியது அதுதான்.

அந்தப் பட்டியலில் சாதிக்கு ஒரு கட்டம் உண்டு. இனத்துக்குக் கட்டம் கிடையாது. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1950இல், அதே நாட்டில் மக்கள்தொகைப் பதிவேடு ஒன்று போட்டார்கள். அதில் சாதிக்குக் கட்டம் இல்லை, கிராமத்துக்கும் இல்லை. இனம் ஒன்றுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், யாரைக் கட்டிக்கொள்ளலாம், பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகலாம் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. இந்த இரண்டு காகிதங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பார்த்தால், இனம் என்பது அந்த மக்கள் தங்கள் உடம்போடு கொண்டுபோன சரக்கு இல்லை என்பது தெரிந்துவிடும். அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு, சட்டம் சட்டமாக அதைச் செய்தார்கள்.

கரும்பும் கைகளும்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள நேட்டால் 1843இல் பிரிட்டனின் கைக்கு வந்தது. அங்கே குடியேறிய வெள்ளையர்கள் கரும்பு போட்டுப் பார்த்தார்கள். மண்ணும் மழையும் ஒத்துவந்தன. வெட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

ஆள் இல்லை என்றால், மனிதர்களே இல்லை என்று அர்த்தமில்லை. சுற்றிலும் ஜூலு மக்கள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு மாடு இருந்தது, மக்காச்சோளக் கொல்லை இருந்தது, சொந்தக் குடியிருப்பு இருந்தது. அற்பக் கூலிக்கு ஆண்டு முழுவதும் அடுத்தவன் தோட்டத்தில் கரும்பு வெட்ட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அந்தக் கட்டாயத்தை உண்டாக்கத்தான் 1849இலேயே ஒரு குடிசைக்கு ஏழு ஷில்லிங் என்று ‘குடிசை வரி’ போட்டிருந்தார்கள். வரி கட்டப் பணம் வேண்டும், பணத்துக்குக் கூலி வேலைக்கு வந்துதானே ஆக வேண்டும் என்பது கணக்கு. அது தோட்டக்காரர்கள் எதிர்பார்த்த அளவுக்குப் பலிக்கவில்லை. உடனே ஜூலுக்களுக்குச் ‘சோம்பேறிகள்’ என்று பெயர் வைத்தார்கள். அதே வாய்தான் மொரீஷியஸ் தோட்டங்களில் வேலை செய்த இந்தியர்களைப் ‘பணிவானவர்கள், உழைப்பாளிகள்’ என்று மெச்சியது. நேட்டாலில் இனத்தைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு இப்படித்தான் தொடங்கியது. குறைந்த கூலிக்கு வர மறுத்தவனுக்கு ஒரு குணம் ஒட்டப்பட்டது, வரச் சம்மதித்தவனுக்கு இன்னொன்று.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமைமுறை 1834இல் சட்டப்படி ஒழிந்திருந்தது. அதே ஆண்டில் மொரீஷியஸுக்கு இந்தியக் கூலிகளை அனுப்பும் வேலை பெரிய அளவில் தொடங்கியது. நேட்டால் அந்த வரிசையில் தாமதமாகச் சேர்ந்தது. ஐந்து ஆண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டு மாதம் பத்து ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும். குடியிருக்க இடமும் அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு போன்ற படியும் தனி. ஐந்து ஆண்டு முடிந்து இன்னும் ஐந்து ஆண்டு காலனியில் இருந்தால் ஊர் திரும்பக் கப்பல் இலவசம். வேண்டாம் என்றால் அந்தக் கட்டணத்துக்கு ஈடான நிலம் கிடைக்கும் என்று முதல் சட்டத்தில் எழுதியிருந்தது. இந்த நிலப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் எழுதியதும் தோட்டத்தில் நடந்ததும் வேறு. 1871இல் மதராஸுக்குத் திரும்பி வந்த முதல் தொகுதிக் கூலிகள், அடித்தார்கள், சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று புகார் கொடுத்தார்கள். 1866இலிருந்து நேட்டாலின் பண நெருக்கடியால் நின்றிருந்த ஆள் ஏற்றுமதியை மறுபடி தொடங்க, இந்திய அரசு விசாரணை கேட்டது. 1872இல் ஒரு குழு அமைந்தது. அதன்பின் ‘இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர்’ என்று ஓர் அதிகாரியை நியமித்தார்கள். 1874இல் கப்பல்கள் மீண்டும் ஓடின. ஆனால் பாதுகாவலரிடம் புகார் சொல்லத் தோட்டத்தை விட்டுப் போனவரை, அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே வந்த குற்றத்துக்காகப் பிடித்து உள்ளே போட முடிந்தது. வேலைக்கு வராமல் இருப்பது, சொன்ன பேச்சைக் கேட்காமல் இருப்பது எல்லாமே அங்கே கிரிமினல் குற்றம். இன்றைக்கு ஒரு கம்பெனியில் லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள், அன்றைக்கு ஜெயில்.

ஏன் போனார்கள் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் தாது வருஷத்தில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தை நம் பெரியவர்கள் அந்தப் பெயரால்தான் சொன்னார்கள். லட்சக்கணக்கில் செத்தார்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், தஞ்சாவூர், திருச்சி ஜில்லாக்களிலிருந்து ஆள்பிடிக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக மதராஸ் டிப்போவுக்குக் கொண்டுவந்தார்கள். மீதிப் பதில் பஞ்சம் இல்லாத ஆண்டுகளிலும் இருந்தது. பண்ணையில் பிறந்து பண்ணையிலேயே சாக வேண்டியவர்களுக்குக் கடல் ஒரு வழி. நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது கப்பலில் இருக்க வேண்டும் என்று பின்னாளில் ஒரு விதி இருந்ததால், கணவனை இழந்தவர்கள், வீட்டை விட்டு வந்தவர்கள் என்று தனியாகக் கிளம்பிய பெண்களும் கணிசமாகப் போனார்கள். அவர்களை ஒழுக்கமற்றவர்கள் என்று எழுதிவைத்த அதிகாரிகள் நிறையப் பேர். எனக்கு அவர்கள்தான் அந்தக் கப்பலிலேயே அதிகத் துணிச்சல்காரர்களாகத் தெரிகிறார்கள்.

மூன்று பவுன்

ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. டர்பனைச் சுற்றி சின்னச் சின்ன நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள். கூடையைத் தலையில் வைத்து வீடு வீடாக விற்றார்கள். மீன் பிடித்தார்கள், ரயில்வேயில் வேலை பார்த்தார்கள், நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார்கள். இதே காலத்தில் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து இன்னொரு கூட்டமும் வந்தது. பெரும்பாலும் குஜராத்தி வியாபாரிகள். ‘பாசஞ்சர் இந்தியர்’ என்று அவர்களைச் சொன்னார்கள்.

கூலியாக இருந்தவரை இந்தியன் வேண்டும். கடை வைத்தால், நிலம் வாங்கினால், ஓட்டுக் கேட்டால் வேண்டாம். நேட்டால் வெள்ளையர்களின் நிலை இதுதான். 1904 கணக்கெடுப்பில் இந்தியர்கள் சுமார் ஒரு லட்சமாகி, வெள்ளையரின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார்கள். அந்த நாள் வரப்போகிறது என்று பயந்து, பத்து ஆண்டு முன்பிருந்தே சட்டங்கள் தயாராகிக்கொண்டிருந்தன. கூலிகளுக்கு நிலம் தருவதாகச் சொன்ன பழைய பிரிவை நீக்கினார்கள். 1893இல் காலனிக்குச் சுயாட்சி கிடைத்ததும் வேகம் கூடியது.

அவற்றில் கொடியது 1895ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம். ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தத்தில் சேராமலும் காலனியில் இருக்க விரும்புகிறவர் ஆண்டுக்கு மூன்று பவுன் கட்ட வேண்டும். முதலில் 25 பவுன் கேட்டார்கள். இந்திய அரசு பேரம் பேசி மூன்றாகக் குறைத்தது. மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங். முதல் ஆண்டுக் கூலியின் கணக்கில் ஆறு மாதச் சம்பளம். பின்னாளில் 16 வயதுக்கு மேற்பட்ட பையன்களும் 13 வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளும் கட்ட வேண்டும் என்றாகிவிட்டது. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்றால் பன்னிரண்டு பவுன். கஜானாவை நிரப்ப யாரும் ஏழைக் கூலியிடம் இப்படி வரி போட மாட்டார்கள். கட்ட முடியாமல் கப்பல் ஏற வேண்டும், அல்லது மறுபடி தோட்டத்துக்குள் போக வேண்டும், அதற்குத்தான் வரி. ஜூலுக்கள் மேல் போட்ட குடிசை வரியின் மறுபதிப்பு இது. 1905இல் ஆப்பிரிக்க ஆண்கள் மேல் தலைக்கு ஒரு பவுன் வரி போட்டபோது அடுத்த ஆண்டே பம்பாதா என்ற ஜூலு தலைவரின் கிளர்ச்சி வெடித்தது. ஒரே ஆயுதத்தால் அடிபட்ட இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளாமல் போனது இந்தக் கதையின் பெரிய சோகம் என்று நான் நினைக்கிறேன்.

மற்ற சட்டங்களில் ஒரு தந்திரம் கவனிக்கத்தக்கது. 1896 வாக்குரிமைச் சட்டத்தில் ‘இந்தியர்’ என்ற சொல்லே கிடையாது. ஐரோப்பிய வம்சம் அல்லாதவர்களில், நாடாளுமன்ற வாக்குரிமை முறை இல்லாத நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஓட்டில்லை என்று எழுதினார்கள். இந்தியாவில் அந்த முறையைக் கொடுக்காமல் வைத்திருந்ததும் அதே பிரிட்டிஷ் ஆட்சிதான். 1897 குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலும் இனத்தின் பெயர் இல்லை. ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் எழுதத் தெரிய வேண்டும் என்று மட்டும் இருந்தது. யாரைச் சோதிப்பது, யாரைச் சோதிக்காமல் விடுவது என்பது அதிகாரியின் கையில். லண்டனில் குடியேற்ற நாடுகளின் அமைச்சராக இருந்த ஜோசப் சேம்பர்லினுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது. இந்தியர்களின் மனமும் கோணக் கூடாது, வெள்ளையர்களின் விருப்பமும் நிறைவேற வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தவர் அவர். மற்றக் காலனிகளுக்கும் ‘நேட்டால் வழி’யைப் பரிந்துரைத்தார். நியூசிலாந்து 1899இல் எடுத்துக்கொண்டது. ஆஸ்திரேலியா 1901இல் ஐம்பது சொல் எழுதிக்காட்டும் தேர்வாக அதை மாற்றி, ‘வெள்ளை ஆஸ்திரேலியா’வை அதன்மேல் கட்டியது. கரும்புத் தோட்டத்துக் கூலியைத் தடுக்க டர்பனில் வரைந்த வேலி உலகத்தின் பாதிக் கரைகளைச் சுற்றி வளர்ந்தது. இன்றைக்கும் பெரும்பாலான நாடுகளின் விசா விதியில் இனப் பெயர் இருக்காது. பல இடங்களில் மொழித் தேர்வு இருக்கும்.

‘கூலி’, ‘அரபு’, ‘சாமி’

மேலிருந்து சட்டம் வந்தது சரி. கீழே இருந்தவர்களும் கோடு போட உதவினார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

வெள்ளையருக்கு எல்லா இந்தியரும் ‘கூலி’தான். வக்கீலாக இருந்தால் கூலி வக்கீல், வியாபாரியாக இருந்தால் கூலி வியாபாரி. ராமசாமி, முனிசாமி, வீராசாமி என்ற பெயர்களின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆண்களை ‘சாமி’ என்று கூப்பிட்டார்கள், இழிவாக. பெண்கள் எல்லோரும் ‘மேரி’. இந்த இழிவிலிருந்து தப்ப முஸ்லிம் வியாபாரிகள் தங்களை ‘அரபுகள்’ என்று சொல்லிக்கொண்டார்கள். பார்சிகள் ‘பாரசீகர்’ ஆனார்கள். அதாவது, கூலி என்ற சொல் தவறு என்று சொல்லவில்லை. அது எங்களுக்குப் பொருந்தாது என்று சொன்னார்கள். பொருந்துகிறவர்களாக மீந்தவர்கள் தமிழரும் தெலுங்கரும் பிகாரிகளும்.

1893இல் வந்த காந்தியும் ஆரம்பத்தில் இந்த வழியில்தான் நடந்தார். டர்பன் தபால் அலுவலகத்தில் இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று வெள்ளையருக்கு, மற்றது மீதி எல்லோருக்கும். ஆப்பிரிக்கர்களோடு ஒரே வாசலில் நுழைய வேண்டியிருப்பதை எதிர்த்து இந்தியர்கள் மனுப் போட்டார்கள்; மூன்றாவது வாசல் ஒன்று கிடைத்தது. அந்த ஆண்டுகளில் ஆப்பிரிக்க மக்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் படிக்கவே கூசுகிற வரிகள் உண்டு. பிற்காலத்தில் அவர் மாறினார். ஆனால் அந்த மூன்றாவது வாசலை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. பிறகு வந்த நிறவெறி அரசு செய்ததெல்லாம் அந்த வாசலைப் பெரிதாக்கி ஒரு நகரமாகக் கட்டியதுதான்.

காந்தியை மாற்றியவர்களில் தமிழ்க் கூலிகளுக்கு முதலிடம். 1894இல் முதலாளி அடித்துப் பல் உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவர் அலுவலகத்துக்குள் வந்து நின்றார் பாலசுந்தரம் என்ற ஒப்பந்தத் தொழிலாளி. அவரை அந்த முதலாளியிடமிருந்து விடுவித்து வேறொருவரிடம் மாற்றிக்கொடுத்தார் காந்தி. அதுவரை வியாபாரிகளின் வக்கீலாக இருந்தவருக்குத் தோட்டத்துக் கதவு அப்போதுதான் திறந்தது.

நேட்டாலுக்குப் பக்கத்துக் காலனியான டிரான்ஸ்வாலில் 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியர் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. இங்கேதான் ‘ஆசியர்’ என்ற சொல் சட்டத்தின் நடுக்கூடத்தில் வந்து உட்காருகிறது. வியாபாரியும் கூலியும், சீனரும் இந்தியரும், தமிழரும் குஜராத்தியும் இப்போது ஒரே பதிவேட்டில். அதை எதிர்த்து 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி மைதானத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சீட்டுகளை எரித்தார்கள். சிறைக்குப் போவதென்று வந்தபோது பெரிய வியாபாரிகளில் பலர் மெல்ல விலகினார்கள். மறுபடி மறுபடி உள்ளே போனவர்களில் தமிழர்கள் தங்கள் எண்ணிக்கைக்கு மிஞ்சிய அளவில் இருந்தார்கள். மொரீஷியஸில் பிறந்த தம்பி நாயுடு அவர்களுக்கு முன்னால் நின்றார். சாமி நாகப்பன் என்ற இளைஞர் 1909 ஜூலையில், சிறைக் குளிரில் கண்ட நோயால், விடுதலையானதும் இறந்துபோனார். அரசு அடுத்து நாடு கடத்தத் தொடங்கியது. மதராஸில் வந்து இறக்கிவிடப்பட்டவர்களில் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டுத் திருப்பி அனுப்பும் வேலையை மதராஸில் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன் எடுத்துச் செய்தார். அப்படித் திரும்பிப் போனவர்களில் ஒருவரான நாராயணசாமி, தென்னாப்பிரிக்கத் துறைமுகங்களில் இறங்க அனுமதி கிடைக்காமல் அலைந்து, 1910 அக்டோபரில் மொசாம்பிக்கின் டெலகோவா விரிகுடாவில் உயிர் விட்டார். தன் நாடு என்று நினைத்த இடத்தின் கரையில் இறங்க முடியாமலே செத்தவர் அவர்.

1911இல் நேட்டாலுக்குக் கூலி அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. மூன்று பவுன் வரி மட்டும் நின்றபாடில்லை. 1913 மார்ச்சில் கேப் நகர நீதிமன்றம், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்ற பொருளில் ஒரு தீர்ப்புச் சொன்னது. அது பெண்களை வீதிக்குக் கொண்டுவந்தது. ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தி நடத்திய டால்ஸ்டாய் பண்ணையைச் சேர்ந்த பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், கைக்குழந்தைகளோடு நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய் வேலையை நிறுத்தச் சொன்னார்கள். சுரங்கத் தொழிலாளிகளிடம் அவர்களுடைய மொழியிலேயே பேசினார்கள். சுரங்கங்கள் நின்றன. நவம்பர் 6ஆம் தேதி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லையைத் தாண்டி டிரான்ஸ்வாலுக்குள் நடந்தார்கள். அதன் பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. கடற்கரையோரக் கரும்புத் தோட்டங்களில் ஆயிரம் ஆயிரமாகக் கூலிகள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப், எஸ்பெரான்சா தோட்டங்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பச்சையப்பன், செல்வன் போன்ற பெயர்கள் அன்றைய சாவுக் கணக்கில் வருகின்றன. நம் பாடப்புத்தகம் ஏறிய பெயர் தில்லையாடி வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, 16 வயதில், சிறையில் கண்ட காய்ச்சலால் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த அவருக்குத் தில்லையாடி என்பது தாய் பிறந்த ஊர். 1914இல் மூன்று பவுன் வரி ஒழிந்தது, கல்யாணங்கள் செல்லும் என்றானது. காந்தி ஊர் திரும்பினார். அங்கே இருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

திருப்பி அனுப்ப முடியாதவர்கள்

1910இல் உருவான தென்னாப்பிரிக்க ஒன்றியம் அரை நூற்றாண்டுக்கு ஒரே பாட்டைப் பாடியது. இந்தியர்கள் அந்நியர்கள், போக வேண்டியவர்கள். 1927இல் இந்திய அரசோடு செய்த உடன்பாட்டில், கப்பல் செலவுக்கு மேல் தலைக்கு 20 பவுன் கொடுத்து அனுப்பினார்கள். மதராஸுக்கு வந்து இறங்கியவர்களில் பலருக்கு இங்கே சொந்தமும் இல்லை, தொழிலும் இல்லை. கையில் இருந்த காசு கரைந்ததும் திரும்பிப் போக வழியும் இல்லை. பெரும்பான்மையோர் கிளம்பவே இல்லை. அவர்கள் அங்கே பிறந்தவர்கள், அவ்வளவுதான். 1961இல்தான் அரசு தோல்வியை ஒப்புக்கொண்டு இந்தியர்களை நாட்டின் நிரந்தர மக்களாக ஏற்றது. முதல் கப்பல் வந்து 101 ஆண்டுகள்.

நடுவில் 1946இல் இந்தியர் நிலம் வாங்குவதைத் தடுத்து ஒரு சட்டம் வந்தது. ‘கெட்டோ சட்டம்’ என்று மக்கள் சொன்னார்கள். அங்கிருந்த இந்தியர்களின் தலைவர்களான டாக்டர் மான்டி நாயக்கரும் டாக்டர் யூசுஃப் தாதூவும் நடத்திய எதிர்ப்பில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் சிறைக்குப் போனார்கள். சுதந்திரத்துக்கு முன்பே இந்தியா இந்தப் பிரச்சினையை ஐ.நா. சபைக்கு முதல் ஆண்டிலேயே கொண்டுபோனது. 1947இல் இந்த இரு மருத்துவர்களும் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் தலைவர் டாக்டர் சூமாவும் சேர்ந்து உழைப்பதாக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அடையாளம் கண்டுகொள்ளாமல் போன இரண்டு கூட்டங்களும் தலைமை அளவிலாவது கைகோத்த நேரம் அது.

தெருவில் அந்தக் கை இன்னும் கோக்கவில்லை. 1949 ஜனவரி 13 அன்று டர்பனில் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை இந்தியக் கடைக்காரர் ஒருவர் அடித்ததில் கலவரம் மூண்டது. மூன்று நாளில் 142 பேர் செத்தார்கள். 87 ஆப்பிரிக்கர், 50 இந்தியர், ஒரு வெள்ளையர், அடையாளம் தெரியாத நால்வர். பொறி அந்த அடி. விறகு எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். நகரத்துக்குள் ஆப்பிரிக்கர் நிலம் வாங்க முடியாது. கேட்டோ மேனர் என்ற புறநகரில் பழைய ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகள் வாங்கிவைத்திருந்த நிலத்தில்தான் அவர்கள் வாடகைக்குக் குடிசை போட்டிருந்தார்கள். பஸ் இந்தியருடையது, மளிகைக் கடை இந்தியருடையது. ஆலையும் தோட்டமும் சுரங்கமும் யாருடையவையோ அவர்களை ஆப்பிரிக்கத் தொழிலாளி அன்றாடம் பார்ப்பதில்லை. வாடகைக்கு வந்து நிற்கிறவரைப் பார்க்கிறார்.

அடுத்த ஆண்டு இரண்டு சட்டங்கள் வந்தன. மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் ஓர் இனம் எழுதியது. வெள்ளையர் என்றால் யார் என்று அந்தச் சட்டம் சொல்லும் வரையறை இதுதான்: பார்த்தால் வெள்ளையராகத் தெரிபவர், அல்லது பொதுவாக வெள்ளையராக ஏற்றுக்கொள்ளப்பட்டவர். ரத்தம், வம்சம் என்று அத்தனை பேச்சும் பேசியவர்களுக்குக் கடைசியில் எழுத முடிந்தது இவ்வளவுதான். வெள்ளையரும் இல்லாமல் ஆப்பிரிக்கப் பூர்வகுடியும் இல்லாதவர்களை ‘கலப்பு நிறத்தவர்’ என்ற பெட்டியில் போட்டார்கள். முதலில் இந்தியரும் அதில்தான். 1959இல் அதற்குள்ளே ‘இந்தியர்’ என்று உட்பெட்டி ஒன்று செய்தார்கள். பின்னால் அடையாள எண்ணிலேயே இனக் குறியீட்டைப் பொதித்தார்கள். கொள்ளுத் தாத்தாவுக்குக் கரையில் இறங்கியதும் எண் போட்டார்கள். கொள்ளுப் பேரனுக்கும் எண்.

இரண்டாவது, குழுப் பகுதிகள் சட்டம். 1958இல் கேட்டோ மேனர் வெள்ளையருக்கு என்று அறிவித்தார்கள். கல்லையும் புதரையும் வெட்டிச் சீராக்கி, கோயில் கட்டி, பள்ளிக்கூடம் கட்டி, மூன்று தலைமுறை வாழ்ந்த இடத்திலிருந்து இந்தியக் குடும்பங்களைக் கிளப்பி, 1960களில் சாட்ஸ்வொர்த்திலும் பின்பு ஃபீனிக்ஸிலும் அரசு கட்டிய சின்ன வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஆப்பிரிக்கர்களை நகரத்துக்கு வெளியே உம்லாஸிக்கும் குவாமாஷூவுக்கும் தள்ளினார்கள். வரைபடத்தைப் பார்த்தால் புரியும்: வெள்ளையர் பகுதிக்கும் உம்லாஸிக்கும் நடுவில் தடுப்புச் சுவர்போல சாட்ஸ்வொர்த் இருக்கும். மூன்றாவது வாசல்.

கூழும் ‘போரிட்ஜ் பிரேயரும்’

அந்த ஒரே மாதிரி வீடுகளில் வேறொன்றும் நடந்தது. வட ஆற்காட்டுத் தெருவில் ஒருவர் நிழல் ஒருவர் மேல் படாமல் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சுவரோடு சுவராகக் குடியிருந்தார்கள். பெயரும் தகப்பன் பெயரும் மட்டும் வைத்திருந்தவர்களிடம் குடும்பப் பெயர் கேட்டபோது பலர் சாதிப் பட்டத்தைக் கொடுத்தார்கள். தம்முடையது அல்லாத பட்டத்தைக் கொடுத்தவர்களும் உண்டு. கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனது, முதலியார் ‘மூட்லி’ ஆனது. இரண்டு மூன்று தலைமுறையில் அது வெறும் பெயர். இங்கே வெட்டுக்குத்து வரை போகிற வேறுபாடு அங்கே பெரும்பாலும் மங்கிப்போனது. நிறவெறி அரசின் புண்ணியத்தால் இல்லை. தோட்டத்து லயத்தில் ஒரே பானைச் சோறு தின்ற பழக்கம் அது.

மொழி போய்விட்டது. 1960களுக்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டுமொழி ஆங்கிலம். 1996 அரசியல் சட்டம் பேணி வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது, பேசுகிறவர்கள்தான் குறைவு. வழிபாடு நிலைத்தது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை ‘போரிட்ஜ் பிரேயர்’ என்கிறார்கள். புரட்டாசியில் கவிச்சி தொடுவதில்லை. தைப்பூசக் காவடி டர்பன் தெருக்களில் நிறைந்து போகிறது. இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா கிறிஸ்தவர்களின் பெரிய வெள்ளியை ஒட்டி வரும். அதற்கு எந்தச் சாஸ்திரமும் இல்லை. தோட்டக்காரன் லீவு விட்ட நாளில்தானே கூலி தன் அம்மனுக்குத் தீ மிதிக்க முடியும்? ஒப்பந்தமுறை போய் நூறு வருஷமாகியும் நாள் மாறவில்லை.

நடு இடத்தில் வைக்கப்பட்டவர்களுக்கு மேலே அடி விழும். கீழே இருப்பவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் கிடைக்கும். ஆப்பிரிக்கப் பிள்ளைக்கு ஒதுக்கியதைவிட இந்தியப் பிள்ளையின் பள்ளிக்கு அரசு அதிகம் செலவழித்தது. 1984இல் வெள்ளையர், கலப்பு நிறத்தவர், இந்தியர் என்று மூன்று அவை கொண்ட நாடாளுமன்றம் செய்து, ஆப்பிரிக்கரை வெளியே விட்டு, இந்தியரை உள்ளே கூப்பிட்டார்கள். ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார்கள். என்னைக் கேட்டால், 1913 வேலைநிறுத்தத்துக்கு அடுத்தபடியாக அந்த மக்கள் எடுத்த பெருமைக்குரிய முடிவு அதுதான். தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு அதற்கு முன்பே மண்டேலாவின் இயக்கத்தில் சேர்ந்து ராபன் தீவுச் சிறையில் பத்து ஆண்டு கிடந்துவிட்டு வந்திருந்தார்.

ஆனாலும் வேலி மனதுக்குள்ளும் வளர்ந்தது. மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் 1991இல் நீக்கப்பட்டது. மூன்று இனத்துக்கு மூன்று ஊர் என்று கட்டிய வீடுகளை யாரும் இடம் மாற்றி வைக்க முடியாது. 2021 ஜூலையில் நாட்டின் இரண்டு மாகாணங்களில் கலவரம் பரவியபோது, ஃபீனிக்ஸ் பகுதியில் இந்தியக் குடியிருப்பாளர்கள் காவலுக்கு என்று தெருவை மறித்து நின்றார்கள். அங்கே 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். காந்தி 1904இல் பண்ணை வைத்த ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில்தான் இந்த ஊர். கேட்டோ மேனரில் தாத்தா பட்டதைப் பேரன் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கூட, சாலையில் வந்துகொண்டிருந்த மனிதர் முகத்தைப் பார்க்கும் முன் தோல் கண்ணில் பட்டது. 1949ஐப் பற்றிப் பேசுகிற தமிழர்கள் 2021ஐப் பற்றியும் அதே குரலில் பேச வேண்டும்.

இப்போது அந்த நாட்டில் இந்தியரும் மற்ற ஆசியரும் சேர்ந்து சுமார் 17 லட்சம் பேர். கப்பல் பட்டியல்கள் கணினியில் ஏறிய பிறகு, கொள்ளுத் தாத்தாவின் எண்ணைத் தேடி எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஜில்லா ‘நார்த் ஆற்காட்’ என்று இருக்கும். தாலுகா ஓரளவு விளங்கும். கிராமத்தின் பெயரை, காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்த எழுத்தர் குழப்பியிருப்பார். உள்ளூர்ப் பெரியவர் யாராவது உட்கார்ந்து, இரண்டு மூன்று விதமாக உச்சரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துப் போய் நின்றால் ஊரில் முதலில் வரும் கேள்வி, “எந்தத் தெரு?”

பதில் அந்தக் காகிதத்திலேயே, சாதிக் கட்டத்தில் இருக்கிறது. கேட்பவருக்குத் தெரிய வேண்டியதும் அதுதான். வந்தவருக்கு அந்தச் சொல்லை வாசிக்கத் தெரியும். அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவரின் முகம் ஏன் மாறுகிறது என்று தெரியாது.